கும்மிடிப்பூண்டிக்கு நேர் மேற்கே ஒரு திராட்சைத் தோட்டம்!

இந்திய வரைபடத்தை எடுத்து, கும்மிடிப்பூண்டி மீது ஓர் அடிக்கோலை வைத்து, மேற்கு நோக்கி நேராக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஊத்துக்கோட்டை, நகரி பக்கத்து மலைகளைத் தாண்டி, சித்தூர் மாவட்டத்தின் மாந்தோப்புகளுக்கு மேலே போய், சுமார் 260 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கோடு ஒரு மலையைத் தொடும். அதுதான் நந்தி மலை. இரண்டு ஊர்களுமே ஏறத்தாழ 13.4 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. ஒரே வெயில், ஒரே நீளப் பகல்.

ஆனால், கோட்டின் கிழக்கு முனையில் இரும்பு உருக்கும் உலைகள். மேற்கு முனையில், பிரான்ஸ் நாட்டுத் திராட்சைக் கொடிகள். அந்தக் கொடிகளில் இருந்து வரும் 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு ஒயின், உலக ஒயின் பிரியர்களை ஒருமுறை இந்தியா பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஒரே வெயில் குடிக்கும் இரண்டு ஊர்களில், ஒன்றில் மட்டும் எப்படி இது சாத்தியமானது? இன்னும் எத்தனை வருடத்துக்குச் சாத்தியமாக இருக்கும்?

டயரும் திராட்சையும்

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் பிரான்ஸுக்கும் ஏற்கெனவே ஓர் உறவு உண்டு. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷ்லின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. லாரி டயர்கள் தயாராகும் இடம். அதே மிஷ்லின் நிறுவனம்தான் 1900-ம் ஆண்டில் கார் ஓட்டுபவர்களுக்காக ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை வெளியிட்டது. ஜனங்கள் காரில் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும், புது டயர் விற்கும்! அந்தப் புத்தகம் வளர்ந்து, இன்று உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் உலகப் புகழ்பெற்ற கையேடாகிவிட்டது.

டயர் செய்ய வந்த பிரெஞ்சுக்காரர்கள் கடற்கரைப் பக்கம் வந்தார்கள். திராட்சை வளர்க்க வந்தவர்கள் மலையடிவாரத்துக்குப் போனார்கள். காரணம், உயரம்.

6 டிகிரி செய்யும் மாயம்

உலகின் பேர்பெற்ற ஒயின் தோட்டங்கள் பெரும்பாலும் 30 முதல் 50 டிகிரி அட்சரேகைகளுக்கு இடையில்தான் இருக்கின்றன. பிரான்ஸின் போர்தோ இருப்பது ஏறத்தாழ 45 டிகிரியில். அங்கெல்லாம் குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். வசந்தத்தில் துளிர்க்கும். இலையுதிர் காலத்தில் அறுவடை. வருடத்துக்கு ஒரு தூக்கம், ஒரு மகசூல்.

நம்ம ஊர்ப்பக்கம் கொடிக்குத் தூக்கமே கிடையாது. வருடம் முழுக்கத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். சும்மா விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்து, பழத்தில் சாரமே இருக்காது.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல், இரவு வெப்பம். கும்மிடிப்பூண்டியில் பகலில் அடித்த வெயிலை, பக்கத்திலுள்ள வங்கக்கடல் இரவிலும் தணிய விடாது. காற்றில் ஈரப்பதம் வேறு. திராட்சைப் பழம் பகலில் சர்க்கரையைச் சேர்க்கிறது. இரவு குளிர்ந்தால், பழத்தில் இருக்கும் புளிப்பு அப்படியே தங்கும். இரவும் சூடாகவே இருந்தால் அந்தப் புளிப்பு கரைந்துபோகும். இனிப்பு மட்டும் மிஞ்சிய பழத்தில் செய்த ஒயின், எலுமிச்சை பிழியாத சர்பத் மாதிரி சப்பென்று இருக்கும்.

கடல் மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரம் போனால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நந்தி மலையின் உச்சி 1,478 மீட்டர். அடிவாரத் தோட்டங்கள் இருப்பது சுமார் 900 மீட்டர் உயரத்தில். ஆக, கும்மிடிப்பூண்டியை விட ஏறக்குறைய 6 டிகிரி குளுமை. பழம் கனியும் மாசி மாதத்தில், பகல் முழுக்க நல்ல வெயில் அடித்தாலும் விடியற்காலையில் போர்வை தேவைப்படும்.

மழைக்கும் பங்கு உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். புயலும் அப்போதுதான் வரும். திராட்சை பூத்துப் பிஞ்சு விடும் நேரமும் அதுவே. பூவில் ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் வந்து கொத்தே கருகிவிடும். தக்காண மேட்டில் அந்த மழையின் வேகம் குறைந்துவிடுகிறது.

'இங்கேயா... ஒயினா?'

கன்வல் குரோவர் மும்பையைச் சேர்ந்த தொழிலதிபர். வியாபார விஷயமாக அடிக்கடி பிரான்ஸ் போய்வந்தவர், அங்கே ஒயின் மீது காதல் கொண்டார். நம் நாட்டிலேயே இதைச் செய்தால் என்ன என்று யோசித்தார். ஷாம்பெயின் பகுதியின் அனுபவசாலியான ஜார்ஜ் வெஸெல் அவருக்குக் கைகொடுத்தார். பல இடங்களின் மண்ணையும் தட்பவெப்பத்தையும் சோதித்து, கடைசியில் நந்தி மலை அடிவாரத்தைத் தேர்வு செய்தார்கள். தொட்டபள்ளாபூர் - தேவனஹள்ளி சாலையில் உள்ள ரகுநாதபுரம்தான் அந்த இடம்.

பிரான்ஸிலிருந்து பல ரகக் கொடிகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். எது இந்த வெயிலைத் தாங்குகிறது, எது வெறும் இலையாகப் போகிறது என்று பார்க்கவே வருடங்கள் ஓடின. 1988-ல் சுமார் 40 ஏக்கரில் தோட்டம் முறையாகத் தொடங்கியது. முதல் ஒயின் வந்தது 1992-ல். இன்று இந்திய ஒயின் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் நாசிக்கின் சூலா தொடங்கப்பட்டது 1999-ல்தான் என்பதை வைத்துப் பார்த்தால், இது எவ்வளவு துணிச்சலான முயற்சி என்பது புரியும்.

கொடியைத் தூங்க வைக்க முடியாத சிக்கலுக்கு இந்திய விவசாயிகளிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. இரண்டு கவாத்து. சித்திரை வெயிலில் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுவார்கள். வரும் கிளைகளை அடுத்த மகசூலுக்காக வளர்ப்பார்கள். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் மறுபடி கவாத்து. அந்தத் துளிரில்தான் பூ, காய், பழம். பிரான்ஸில் பனி செய்யும் வேலையை, இங்கே கவாத்துக் கத்தரி செய்கிறது. ஐரோப்பாவில் செப்டம்பரில் நடக்கும் அறுவடை, இங்கே மாசி, பங்குனியில் நடக்கிறது.

1990-களின் நடுவில், போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலான் இந்தத் தோட்டத்துக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்தார். 2005-ல், பிரிட்டனின் 'டிகேன்டர்' இதழில், ஒயின் விமர்சகர் ஸ்டீவன் ஸ்பரியரின் பாராட்டு 'லா ரிசர்வ்' ஒயினுக்குக் கிடைத்தது. ஐரோப்பாவுக்கு வெளியே தயாராகும் 'புது உலக' சிவப்பு ஒயின்களில் சிறந்தது என்ற பெயரும் வந்தது. 1976-ல் பாரிஸில் பெயரை மறைத்துச் சுவைக்கும் போட்டி நடத்தி, கலிபோர்னியா ஒயின் பிரெஞ்சு ஒயினை வென்றதை உலகுக்குக் காட்டியவர் இதே ஸ்பரியர்தான். அவர் சொன்னால் ஒயின் உலகம் காது கொடுக்கும்.

தோட்டம் சில நூறு ஏக்கராக வளர்ந்தது. 2012-ல் நாசிக் பகுதி நிறுவனம் ஒன்றோடு இணைந்து 'குரோவர் சாம்பா' ஆனது.

கனமான ஒயின் என்றால் என்ன?

நீர்மோருக்கும் எருமைத் தயிருக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கு உடனே சொல்லிவிடும் அல்லவா? ஒயினிலும் அப்படித்தான். சிலது நாக்கில் தண்ணீராக ஓடிவிடும். சிலது வாயை நிறைத்து நிற்கும். 'லா ரிசர்வ்' இரண்டாவது வகை. கேபர்னே சாவின்யோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகளின் கலவை.

இந்தக் கனம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது, சாராயச் சத்து. பழத்தில் எவ்வளவு சர்க்கரையோ, அவ்வளவு ஆல்கஹால். இரண்டாவது, தோலிலும் கொட்டையிலும் உள்ள துவர்ப்பு. பாக்கு மென்றால், கடுங்காப்பி போலக் கடுமையாகக் கொதித்த பால் சேர்க்காத தேநீரைக் குடித்தால், நாவல்பழம் தின்றால் நாக்கு இழுக்குமே, அதே துவர்ப்பு. மூன்றாவது, தோலிலிருந்து இறங்கும் நிறமும் மணமும்.

திராட்சையின் உள்ளே இருக்கும் சாறு பெரும்பாலும் வெளிறியதுதான். சிவப்பு நிறம் முழுக்கத் தோலில். அதனால் சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தனியாகப் பிழிய மாட்டார்கள். காம்பை நீக்கி, பழத்தை உடைத்து, தோலும் கொட்டையுமாகத் தொட்டியில் போட்டு நொதிக்க விடுவார்கள். தோல் மேலே மிதந்து ஆடையாகக் கட்டும். அடியில் இருக்கும் சாற்றை எடுத்து அந்த ஆடையின் மேல் மீண்டும் மீண்டும் ஊற்றுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சர்க்கரை ஆல்கஹாலாகிவிடும், நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். அதன் பிறகுதான் பிழிவார்கள்.

அடுத்து, பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய். வழக்கமான ஒரு பீப்பாயில் 225 லிட்டர் பிடிக்கும். கிட்டத்தட்ட 300 பாட்டில். மரத்தின் நுண்துளைகள் வழியே துளித் துளியாகக் காற்று உள்ளே போகப் போக, துவர்ப்பின் முரட்டுத்தனம் அடங்கும். மரத்தின் மணமும் கொஞ்சம் ஏறும். ஊறுகாய் ஜாடியைத் திறக்காமல் பொறுத்திருக்கும் பாட்டிகளுக்கு இந்த வித்தை எளிதில் புரியும்.

பன்னீர் திராட்சையில் இது வராதா?

தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பஞ்சமா என்ன? தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. திருவள்ளூர் சந்தையிலும் கும்மிடிப்பூண்டி தள்ளுவண்டிகளிலும் கறுப்பாக மினுங்கும் திராட்சையில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து விளைச்சல்தான்.

அது தின்பதற்கான பழம். தோல் மெல்லியது, சதை அதிகம், மணம் தூக்கல். அதில் மணமான, மென்மையான, இனிப்பு ஒயின் செய்யலாம். நாக்கை இழுக்கும் கனம் வராது. கேபர்னே பழமோ பட்டாணி அளவுதான் இருக்கும். தடித்த தோல், உள்ளே பெரிய கொட்டை. தட்டில் வைத்தால் குழந்தைகள் தொடாது. தொட்டியில் போட்டால்தான் அதன் மதிப்பு தெரியும்.

நந்தி மலைப் பக்கமும் எல்லாக் கொடியும் பிரெஞ்சுக் கொடி அல்ல. சிக்கபள்ளாபூர், தேவனஹள்ளி வட்டாரங்களில் 'பெங்களூர் நீலம்' என்ற நாட்டுப் பெயர் எடுத்த திராட்சைதான் பல தலைமுறைகளாக விவசாயிகளின் பிழைப்பு. 2013-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பழச்சாறு, ஜாம், விலை குறைந்த இனிப்பு ஒயின் என்று அதற்குத் தனிச் சந்தை. 2007-ல் கர்நாடக அரசு திராட்சைக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணம், இந்த விவசாயிகளின் பழம் விலை போகாமல் அழுகிவிடக் கூடாது என்பதுதான்.

தமிழருக்கு ஒயின் புதிதும் அல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கிண்ணத்தில் அருந்தியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அன்று மிளகு போனது, மது வந்தது.

ஒரே ஆற்றின் இரண்டு முனைகள்

நந்தி மலைக்கும் திருவள்ளூருக்கும் அட்சரேகையைத் தவிர இன்னொரு பந்தமும் உண்டு, தண்ணீர். பாலாறு, தென்பெண்ணை, வடபெண்ணை, அர்க்காவதி ஆகிய ஆறுகள் பிறப்பது இந்த மலைப் பகுதியில்தான். அவற்றில் பாலாறு வேலூர், காஞ்சிபுரம் வழியே கடலுக்குப் போகிறது. முன்னொரு காலத்தில் அது வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலை ஆற்றின் வழியே திருவள்ளூர் மாவட்டத்தில் ஓடியது என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். 'விருத்த க்ஷீர நதி', அதாவது கிழட்டுப் பாலாறு என்ற பழைய பெயர் அதற்குச் சாட்சி. அந்தக் கொசஸ்தலையின் குறுக்கேதான் 1944-ல் பூண்டி ஏரி கட்டப்பட்டது. சென்னை குடிப்பது அந்தத் தண்ணீர்.

இன்று பாலாற்றின் பிறப்பிடமே வறண்டு கிடக்கிறது. கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களில் ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளை போட்டும் தண்ணீர் கிடைக்காத கிராமங்கள் உண்டு. பெங்களூரு நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அனுப்பி கோலார் ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018-ல் தொடங்கியது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த வறட்சியில் திராட்சைக்கு ஒரு சாதகம் உண்டு. நெல், கரும்பு போல அது தண்ணீரில் நிற்க வேண்டியதில்லை. வறட்சியைத் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி, சொட்டுநீர் விட்டால் போதும். கொஞ்சம் தாகத்தோடு வளரும் கொடியில்தான் பழம் சிறுத்து, சாரம் கூடும். ஒயினுக்கு அதுவே நல்லது.

விமானத்தின் நிழலில் கொடி

தண்ணீரையாவது சிக்கனமாகச் சமாளிக்கலாம். நிலத்தை என்ன செய்வது?

2008-ல் தேவனஹள்ளியில் பெங்களூருவின் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. தேவனஹள்ளிக்கே பெருமை சேர்த்த, புவிசார் குறியீடு பெற்ற சக்கோத்தா பழத் தோப்புகள் அருகிப்போயின. தொட்டபள்ளாபூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. திராட்சைப் பந்தலும் மல்பெரித் தோட்டமும் இருந்த இடங்களில் வீட்டுமனைப் பலகைகள் நிற்கின்றன.

விமானத் தொழில் பூங்காவுக்காக தேவனஹள்ளி வட்டத்தில் 1,777 ஏக்கரைக் கையகப்படுத்த அரசு முனைந்தபோது, விவசாயிகள் மூன்று வருடங்களுக்கும் மேலாகப் போராடினார்கள். 2025 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாகக் கர்நாடக அரசு அறிவித்தது.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. தேர்வாய் கண்டிகையில் தொழிற்பேட்டை வந்தபோது, ஆடுமாடு மேய்ந்த நிலம் போகிறதே என்று ஊர்மக்கள் எதிர்த்ததும், பிறகு ஆலைகள் எழும்பியதும் அவர்கள் கண்ணெதிரே நடந்தவை. ஆலை வந்தால் வேலை வரும். நிலம் போனால் அது திரும்ப வராது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இரண்டு ஊர்களும் நிற்கின்றன.

கொடி நட்டு, நல்ல மகசூலுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். நட்ட கொடி இருபது வருடங்களுக்கு மேல் பலன் தரும். அதற்குள் நிலம் கைமாறாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் கொடி நடுவார். மரப் பீப்பாயில் பொறுமையாகக் காத்திருக்கும் ஒயினுக்கு, பக்கத்து நிலத்தின் சதுர அடி விலை பொறுமை காட்டுமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

போய்வர நினைப்பவர்களுக்கு...

திருவள்ளூரிலிருந்து திருத்தணி, சித்தூர், பலமனேர், முல்பாகல், கோலார் வழியாகச் சென்றால் சாலை மார்க்கமாக சுமார் 300 கிலோமீட்டர். ரயிலில் போகிறவர்கள் பெங்களூரு சென்று, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே பயணிக்க வேண்டும். தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, தொட்டிகளையும் பீப்பாய் அறையையும் விளக்கும் சுற்றுலா உண்டு. முன்பதிவு செய்துகொள்வது நல்லது. கொத்துகள் கொடியில் தொங்குவதைப் பார்க்க தை முதல் பங்குனி வரை ஏற்ற காலம்.

குடும்பத்தோடு போனால், மலையடிவாரத்தில் உள்ள போக நந்தீஸ்வரர் கோயிலைத் தவறவிடக் கூடாது. 9-ம் நூற்றாண்டில் தொடங்கி, பல அரச மரபுகளின் கைவண்ணம் சேர்ந்த கோயில். சோழர் காலத்துப் பணிகளும் அங்கே உண்டு. பக்கத்திலேயே அருணாசலேஸ்வரர் சந்நிதியும் இருப்பதால், திருவண்ணாமலை பக்தர்களுக்கு ஊர் நினைவு வரும். படிக்கட்டுகள் சூழ்ந்த குளக்கரையில் பிள்ளைகளோடு அரை மணி நேரம் உட்காரலாம். மலை மேலே திப்பு சுல்தானின் கோடை மாளிகையும் செங்குத்துப் பாறையும் இருக்கின்றன. சூரிய உதயம் பார்க்க விடியுமுன் போய்விட வேண்டும். வார இறுதியில் கூட்டம் அதிகம்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஒயினிலும் 13 சதவிகிதத்தை ஒட்டி ஆல்கஹால் இருக்கிறது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே அறிவித்துவிட்டது. 'சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் ஆரம்பிக்க வேண்டியதில்லை. சுவைத்தவர் வண்டி ஓட்டக் கூடாது. வேறு மாநில மதுவைக் கொண்டுவரத் தமிழ்நாட்டில் கட்டுப்பாடுகள் இருப்பதால், பாட்டிலோடு திரும்பினால் சோதனைச் சாவடியில் சங்கடம் வரலாம்.

ஒரு சொட்டும் குடிக்காதவர்களுக்கும் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. கல்லும் செம்மண்ணும் கலந்த நிலத்தில் வரிசை பிடித்து நிற்கும் கொடிகள், கத்தரியோடு ஒவ்வொரு துளிரையும் எண்ணி வெட்டும் பெண்கள், அவர்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்கும் விமானங்கள். அந்தக் காட்சியை அப்படியே பார்க்க விரும்புகிறவர்கள், பயணத்தை ரொம்ப வருடம் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.